வீட்டுக் கொல்லையில் பத்து நாட்டுக்கோழி: அன்றாடம் என்ன வேலை, எதில் கவனம்?

கோயம்புத்தூர் புறநகரில் வீடு கட்டிக் குடிவந்திருக்கும் ஒரு தம்பதியின் கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு சென்ட் இடம் காலியாகக் கிடக்கிறது. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டு முட்டைக்காகப் பத்து நாட்டுக்கோழி வளர்க்க ஆசை. தினமும் எவ்வளவு வேலை இருக்கும், எதையெல்லாம் கவனிக்க வேண்டும், இரண்டு நாள் ஊருக்குப் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள்.

காலையில் அரை மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கினால் பத்து கோழிக்குப் போதும். அவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இந்த முக்கால் மணி நேரத்தை உங்கள் வசதிக்கேற்ப நகர்த்த முடியாது. ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, காய்ச்சல் என்று எதற்கும் விடுப்பு கிடையாது. கையால் செய்யும் வேலையைவிடக் கண்ணால் செய்யும் வேலையே இதில் அதிகம் என்பதையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தீவனம் போடுவதை யாரும் ஒரே நாளில் கற்றுக்கொள்வார்கள். எந்தக் கோழி இன்றைக்கு வழக்கம்போல் இல்லை என்று கண்டுபிடிக்கத்தான் பழக்கம் வேண்டும்.

காலை வேலையிலிருந்து தொடங்குவதே வழக்கம். நான் மாலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாக வளர்ப்பவர்களிடம் கோழி காணாமல் போவது பெரும்பாலும் இரவில்தான். பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே கூட்டுக்குத் திரும்பிவிடும். அவை உள்ளே போனபின் எண்ணிப் பார்த்துக் கதவைத் தாழிட வேண்டும், அவ்வளவே. இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. இரவில் உட்காரும் சட்டமான பரணில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பக்கத்துக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் எழுந்து ஓடாது. மரநாய்க்கும் பூனைக்கும் திறந்த கூடு கிடைத்துவிட்டால் ஒன்றோடு நிற்பதில்லை. தின்பது ஒன்றாக இருந்தாலும் கடித்துப் போடுவது நான்கைந்தாக இருக்கும். கோவைப் பக்கம் டிசம்பர் தொடக்கத்தில் ஆறு மணிக்கே பொழுது இறங்கிவிடும், ஜூன் இறுதியில் ஏழு மணிக்குச் சற்று முன்பு இறங்கும். இருவரும் எட்டு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் என்றால், கோழி வாங்குவதற்கு முன்பே இந்தக் கதவை யார் சாத்துவது என்று முடிவு செய்துவிடுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று வழி உண்டு, இதற்கு மட்டும் ஆள்தான் வேண்டும். அல்லது கூட்டை ஒட்டிக் கோழிகள் பகலில் நடமாடும் இடமான ஓடுதளத்தை நான்கு பக்கமும் மேலேயும் கம்பி வலையால் முழுவதுமாக அடைத்துவிட வேண்டும்.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர நாய் உள்ளே வராமல் தடுக்காது. தெருநாய் பல்லால் இழுத்தால் கிழிந்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டுமெஷ் வலை விலை கூடுதல்தான், ஆனாலும் அதில் சிக்கனம் பார்க்காதீர்கள். பெருச்சாளி மண்ணைத் தோண்டிக்கொண்டு அடியில் வரும் என்பதால் வலையின் கீழ்ப்பகுதியை ஓரடி ஆழத்துக்குப் புதைத்துவிடுவது நல்லது. தாழ்ப்பாளும் வெறும் கொக்கியாக இல்லாமல், தூக்கி நகர்த்தினால்தான் திறக்கும் வகையாக இருக்கட்டும்.

கூட்டுக்குள் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்று கணக்கு வைத்தால், பத்துக்கு நான்குக்கு ஐந்து அடி போதும். தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டினால் மழை ஈரமும் பாம்பும் குறையும். உட்கார இரண்டு அங்குல அகலத்தில், முனை மழுக்கிய மரச்சட்டம் வையுங்கள். வழவழப்பான குழாயில் கோழிக்குப் பிடிப்பு இருக்காது. ஓடுதளம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ அவ்வளவுக்குச் சண்டை குறையும். புதிதாக வாங்கி வந்த கோழிகளை முதல் ஒரு வாரம் கூட்டிலும் அடைப்பிலும் மட்டும் வைத்திருந்தால், இதுதான் வீடு என்று பழகிவிடும். முதல் நாளே திறந்துவிட்டவர்கள் இருட்டில் டார்ச்சுடன் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தடியில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

காலையில் வெளிச்சம் வந்ததும் கூட்டைத் திறக்க வேண்டும். திறந்தவுடன் தீவனத்தைக் கொட்டிவிட்டுக் குளிக்கப் போய்விடாமல், இரண்டு நிமிடம் அங்கேயே நில்லுங்கள். அன்றைய நாளின் முக்கியமான வேலை அதுதான். நலமான கோழி கதவு திறந்ததும் முண்டியடித்துக்கொண்டு வெளியே வரும், சிறகை விரித்து உதறும், மண்ணைக் கீறும். எது கடைசியாக வருகிறது, எது வந்தும் ஓரமாக நிற்கிறது, எது பளீரென்ற வெளிச்சத்திலும் கண்ணை மூடிக்கொண்டு சிறகைத் தொங்கவிட்டிருக்கிறது என்று பாருங்கள். கோழி தன் நோயைக் கடைசிவரை மறைக்கப் பார்க்கும். பலவீனம் தெரிந்தால் கூட்டத்தில் மற்றவை கொத்தும், வெளியில் பகைக்கு இரையாகும் என்பதால் வந்த இயல்பு அது. ஆகவே, 'நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்றைக்குச் செத்துக் கிடக்கிறது' என்று சொல்லப்படும் பல கோழிகள் மூன்று நான்கு நாளாகவே ஓரமாக நின்றுகொண்டிருந்தவைதான்.

அடுத்துப் பரணுக்குக் கீழே எச்சத்தைப் பாருங்கள். முகம் சுளிக்க வேண்டாம். இதைவிட நல்ல நோய்க்குறிப்பேடு உங்களுக்குக் கிடைக்காது. கெட்டியாக, மேலே வெள்ளைத் தொப்பி வைத்ததுபோல் இருந்தால் சரியாக இருக்கிறது. இடையிடையே பழுப்பு நிறத்தில், பிசுபிசுப்பாக, நாற்றமெடுக்கும் எச்சம் ஒன்றும் விழும். புதியவர்கள் இதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயப்படுவார்கள், ஆனால் அது குடல்வால் பகுதியிலிருந்து வரும் இயல்பான கழிவு. பச்சையும் வெள்ளையுமாக நீராகப் போனால் கவலைப்பட வேண்டும். இளங்கோழிகளின் எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் ரத்தக்கழிச்சலாக இருக்கலாம். மழைக்காலத்தில், தரையில் பரப்பிய உமி போன்ற கூளம் ஈரமாகிக் கட்டிதட்டிய கூடுகளில்தான் இது அதிகம் வரும். சந்தேகமுள்ள கோழியைக் கையில் எடுத்துக் கழுத்துக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். மாலையில் நிறைந்திருக்கும் பை காலையில் வெறுமையாகச் சுருங்கியிருக்க வேண்டும். விடிந்தும் கல்லுபோல் உப்பியிருந்தால் நீளமான புல்லோ பிளாஸ்டிக் நூலோ அடைத்திருக்கக்கூடும்.

பிறகு தண்ணீர். பத்து பெரிய கோழிக்குச் சாதாரண நாளில் இரண்டு, இரண்டரை லிட்டர் போதும், கோடையில் இருமடங்காகும். நேற்றைய தண்ணீரின் மேல் புதிதாக ஊற்றாமல், பாத்திரத்தின் உட்புறத்தில் விரலால் தேய்த்துப் பார்த்து, வழுக்கும் பாசி போகக் கழுவி ஊற்றுங்கள். நோய் ஒரு கோழியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் சுலபமான வழி பொதுவான தண்ணீர்க் கிண்ணம்தான்.

தீவன விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டியிருக்கிறது. நாட்டுக்கோழி மேய்ந்தே வயிற்றை நிரப்பிக்கொள்ளும் என்பது களத்துமேடும் குப்பைமேடும் மாட்டுத்தொழுவமும் உள்ள கிராமத்துக்குப் பொருந்தும். உங்கள் இரண்டு சென்ட்டில் பத்து கோழி இறங்கினால் சில வாரங்களில் புல்லும் பூச்சியும் தீர்ந்து வெறும் மண்ணாகிவிடும். ஆகவே ஒரு கோழிக்கு நாளொன்றுக்கு நூறு கிராம், மொத்தம் ஒரு கிலோ தீவனம் நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்று கணக்கிடுங்கள். கடையில் முட்டைக்கோழித் தீவனம் கிடைக்கும். சொந்தமாகக் கலக்க விரும்பினால் உடைத்த மக்காச்சோளம், கம்பு அல்லது சோளம், அரிசிக் குருணை ஆகியவை சேர்ந்து முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவும், தவிடும் சோயா அல்லது கடலைப் பிண்ணாக்கும் உப்பில்லாத மீன்தூளும் மீதிப் பங்கில் பெரும்பகுதியாகவும் இருக்க, அதனுடன் தாது உப்புக் கலவையும் கிளிஞ்சல் தூளும் சேர்க்கலாம். வெறும் அரிசியும் சோறும் போட்டால் கோழி கொழுக்கும், முட்டை குறையும். மீந்த குழம்பு, ஊறுகாய், உப்புக் கருவாடு வேண்டாம். குஞ்சுகளை உப்பு கொன்றுவிடும். பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கும் மக்காச்சோளமும் அதைவிட மோசம், அவற்றில் உண்டாகும் நச்சு ஈரலைக் கெடுக்கும். காயவைத்தோ வறுத்தோ சரிசெய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம், மழைக்காலத்தில் பத்து நாளைக்கு வேண்டியதற்கு மேல் வாங்காதீர்கள்.

குஞ்சு வளர்க்கும் நாள் வந்தால் கறையான் பிடித்துக் கொடுக்கலாம். ஒரு பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு, மக்கிய கட்டை இவற்றைத் திணித்து, நன்றாகத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாட்டமுள்ள மண்ணில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானைக்குள் கறையான் மொய்த்திருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துக் குஞ்சுகள் முன் தட்டிவிட வேண்டும். நேரமானால் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். செலவே இல்லாத புரதம் இது. வீட்டின் மரக்கதவுக்கு அருகில் மட்டும் இந்தப் பானையை வைத்துவிடாதீர்கள்.

முட்டை பெரும்பாலும் முற்பகலில் விழும். நான்கைந்து கோழிக்கு ஒன்று என்ற கணக்கில், சற்று இருட்டான மூலையில் வைக்கோல் பரப்பிய கூடையோ பெட்டியோ வைத்தால் போதும். காலையில் வேலைக்குக் கிளம்புமுன் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் எடுத்துவிடுங்கள். உடைந்த முட்டையை ஒரு கோழி ருசி பார்த்துவிட்டால் மற்றவையும் பழகிவிடும், பிறகு அந்தப் பழக்கத்தை நிறுத்துவது பெரும்பாடு. எடுத்த முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள மெல்லிய படலம்தான் நுண்ணுயிர்கள் உள்ளே நுழையாமல் காக்கிறது. அழுக்கைத் துணியால் துடைத்து வைத்துச் சமைக்கும்போது கழுவினால் போதும். ஓடு கெட்டியாகாத தோல்முட்டை விழுந்தால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று முதலில் சந்தேகப்படுங்கள். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டால் வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும்.

எத்தனை முட்டை கிடைக்கும்? அசல் நாட்டுக்கோழி ஆண்டுக்கு அறுபது முதல் எண்பது இடும், அதுவும் பத்துப் பதினைந்து இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். தினமும் முட்டை வேண்டும் என்பதே நோக்கமென்றால், ஐதராபாத்தில் உள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற ரகங்கள் உங்களுக்குப் பொருந்தும். அசில் வகையைச் சிறு இடத்தில் கூட்டமாக வைக்காதீர்கள். சண்டைக்கென்றே பிறந்த இனம் அது.

அடையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாட்டுக்கோழி வளர்ப்பவர் யாரும் இதிலிருந்து தப்ப முடியாது. கோழி கூடையை விட்டு எழாமல், கை வைத்தால் உடலை உப்பிக்கொண்டு உறுமினால் அவயத்துக்கு, அதாவது அடைகாக்க, தயாராகிவிட்டது என்று பொருள். குஞ்சு வேண்டுமென்றால், ஒரு வாரத்துக்கு மேற்படாத, சேவலுடன் சேர்ந்த கோழிகள் இட்ட பத்துப் பன்னிரண்டு முட்டைகளை மாலையில், இருட்டிய பின் அடியில் வைத்துவிடுங்கள். ஏழாம் நாள் இரவு கைபேசி விளக்கில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், கரு உள்ளதில் சிலந்தி வலைபோல் ரத்த நாளங்கள் ஓடும். வெறுமையாகத் தெரிவது கூமுட்டை, அதை எடுத்துவிடலாம். நாளுக்கு ஒருமுறை கோழி எழுந்து தின்று, குடித்து, பெரிதாக எச்சமிட்டுவிட்டுக் கால் மணி நேரத்தில் திரும்பும். எழாமலே கிடந்தால் நீங்கள் தூக்கி வெளியே விட வேண்டும். பதினெட்டாம் நாளுக்குப் பின் தொடாதீர்கள். இருபத்தோராம் நாள் குஞ்சு பொரிந்ததும் தாயையும் குஞ்சுகளையும் மூன்று நான்கு வாரம் பஞ்சாரம் என்னும் கவிழ்த்து வைக்கும் பெரிய கூடைக்குள் வைத்திருப்பது நல்லது. காகமும் பருந்தும் கீரியும் பகலில் வருபவை. குஞ்சுக்கு ஆபத்து அப்போதுதான் அதிகம்.

குஞ்சு வேண்டாம் என்றால் அடையைத் தெளிவிக்க வேண்டும். தண்ணீரில் முக்குவது, மூக்கில் இறகைச் செருகுவது போன்ற பழைய கைமுறைகள் வலியைத் தவிர எதையும் தருவதாக எனக்குத் தோன்றவில்லை. அடியில் கம்பி வலை மட்டும் உள்ள, வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால், வயிற்றுச் சூடு குறைந்து பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

நோய்களில் கோழிக்கழிச்சல், அதாவது ராணிக்கேத், எல்லாவற்றிலும் கொடியது. பச்சை வெள்ளைக் கழிச்சல், வாயைத் திறந்து இளைத்தல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் என்று தொடங்கி, தடுப்பூசி போடாத கூட்டத்தில் ஒரே வாரத்தில் கூட்டையே காலி செய்துவிடும். வந்தபின் மருந்து இல்லை. மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டிக் கொடுப்பதை நான் இகழவில்லை, பசியைத் தூண்டவும் சளிக்கும் கொடுத்துப் பார்க்கட்டும். ஆனால் அதைத் தடுப்பூசிக்கு மாற்றாகச் சொல்பவர்களை நம்பாதீர்கள். குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு மருந்து, நான்காம் வாரத்தில் மீண்டும் ஒருமுறை, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி, அதன்பின் கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசி என்பதே நடைமுறை. கோடை தொடங்குமுன், பிப்ரவரியில், தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை இரு வாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. உங்கள் கோழிகளை அதில் சேர்த்துவிடுங்கள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கும் மேல் மருந்து இருக்கும், குளிரிலேயே வைத்திருந்து கரைத்த ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதால், தனியாக வாங்குவதைவிட அக்கம்பக்கத்தில் வளர்ப்பவர்களுடன் சேர்ந்து மருந்தகத்துக்குப் போவது எளிது. கொசுவால் பரவும் அம்மைக்கும் தனித் தடுப்பூசி உண்டு.

சந்தையில் வாங்கிய கோழியை நேராகக் கூட்டத்தில் விடாதீர்கள், குறைந்தது இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் காரணமில்லாமல் செத்தால் கறியாக்காமல், விற்காமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட்டு ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

செள்ளு என்னும் ரத்தம் உறிஞ்சும் சிறு பூச்சி, நோயைவிட மெதுவாக, ஆனால் விடாமல் கோழியை உருக்கும். பகலில் சட்டங்களின் விரிசலில் ஒளிந்துகொண்டு இரவில் வந்து ரத்தம் உறிஞ்சும் வகையும் இருப்பதால், பகலில் கோழியைப் புரட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மாதம் ஒரு இரவு விளக்குடன் போய்ப் பரண் சட்டத்தின் அடியில் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்புக் கறை படிந்தால் இருக்கிறது. கூட்டைக் காலிசெய்து, விரிசல்களில் வெந்நீர் ஊற்றிக் காயவைத்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். அடுப்புச் சாம்பலும் உலர்ந்த மண்ணும் கலந்த ஒரு குழி எப்போதும் நனையாமல் இருந்தால், கோழி அதில் புரண்டே பாதிப் பேனை உதறிவிடும்.

மார்ச் முதல் மே வரை கோழிக்கு வெயில்தான் எதிரி. வியர்வைச் சுரப்பி இல்லாத, உடல் வெப்பமே 41 டிகிரி அளவில் உள்ள பறவை அது. வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நிழலும் குளிர்ந்த தண்ணீரும் மதியம் கட்டாயம் இருக்க வேண்டும், தீவனத்தைக் காலை மாலை குளிர்ந்த நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டாரையும் கணக்கில் கொள்ளுங்கள். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சுக்குத்தான் தேவை. வீடுகள் நெருங்கிய தெருவில் விடியற்காலை நான்கு மணிக்குக் கூவும் சேவல் உறவைக் கெடுக்கும் என்பதால், முதலாண்டு பெட்டைகளை மட்டும் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். நாற்றம் எழுந்தால் கூளம் ஈரமாகிவிட்டது என்று அறிந்து, வாரம் இருமுறை கிளறிவிட்டு, நெல் உமியோ தேங்காய்நார்க் கழிவோ மேலே போடுங்கள். எடுத்த எருவை நேரடியாகச் செடிக்குப் போட்டால் வேர் கருகும், சில மாதம் மக்கவைத்துப் போடலாம்.

கடைசியாக, ஊருக்குப் போவது. எல்லாப் பக்கமும் வலையடைத்த ஓடுதளம் உங்களிடம் இருந்து, தொங்கும் தீவனத் தொட்டியும் தலைகீழ்க் குடுவை வகைத் தண்ணீர்த் தொட்டிகள் இரண்டும் நிழலில் இருந்தால், கோடையல்லாத காலத்தில் ஒரு நாள் தனியே விடலாம். அதற்கு மேல் போனால் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பழக்கி வையுங்கள், கிடைக்கும் முட்டையை அவரே எடுத்துக்கொள்ளட்டும். ஊருக்குக் கிளம்பும் நாளில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகாமல், முந்தின வாரமே ஒரு மாலை அவரைக் கூட்டி நிறுத்தி, கோழிகளை எண்ணித் தாழிடுவதை அவர் கையாலேயே செய்யச் சொல்லிப் பாருங்கள்.